கணிதத்திலிருந்து கணினிக்கு: பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் கல்விப்பணியும் தகைமை பற்றிய சில வினாக்களும்

ஒரு கல்வியாளரின் தகைமை யாது? அவர் பெற்ற பட்டங்களா, வகித்த பதவிகளா, பிறர் தகைமை பெறுவதற்கு அவர் திறந்துவிட்ட வழிகளா? நமது பல்கலைக்கழகங்களில் ஒருவரை அறிமுகஞ் செய்யும்போது முதலிரண்டையும் நிரைப்படுத்திக் கூறிவிட்டு மூன்றாவதை மறந்துவிடுகிறோம். தகைமை ஒருவரின் தனியுடைமை என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் தகைமை ஒரு சமூக உறவு. எவர் அதனை வழங்குகிறார், எம்மொழியில் வழங்குகிறார், எவருக்கு அதன் வாயில் அடைக்கப்படுகிறது என்பவற்றைச் சேர்த்து நோக்காமல் அதன் பெறுமதியை மதிப்பிடல் இயலாது.

இலங்கையிற் கணிதக் கல்வியிலிருந்து கணினிக் கல்வி கிளைத்தெழுந்த வரலாற்றை, அம்மாற்றத்தின் நடுவே நின்றவரான பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் வாழ்க்கைப்பணி வாயிலாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1939 மே 22இல் பிறந்து 2007 யூன் 6இல் மறைந்த அவருக்குப் புகழுரை எழுதுவது எமது கருத்தன்று. அவர் அமைத்த நிறுவனங்கள் எவ்வினாக்களுக்கு விடையளித்தன, எவற்றை விடையின்றி விட்டன என்பதைத் தமிழ் மாணவரின் நிலையிலிருந்தும் ஆராய விழைகிறோம்.

1. முன்னோர் இருவர்

கொழும்பில் உயர் கணிதக் கல்வியின் தொடக்கம் 1921இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியோடு இணைந்தது. அக்கல்லூரிக்குப் பட்டமளிக்கும் அதிகாரம் இருக்கவில்லை. மாணவர் கொழும்பிற் கற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்குத் தோற்றினர். கற்பித்தவர் இங்கே, வினாத்தாள் வகுத்தவரும் விடை திருத்தியவரும் கடலுக்கு அப்பால். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நமது தகைமையின் ஊற்று எங்கிருந்தது என்பதை இவ்வேற்பாடு தெளிவாகக் காட்டும். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோதே பட்டமளிக்கும் உரிமை இம்மண்ணுக்கு வந்தது.

அக்கல்லூரியிற் கணிதத்துறையை வழிநடத்திய முதற் பேராசிரியர் செல்லப்பா சுந்தரலிங்கம் ஆவார். 1895இல் பிறந்து, ஒக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியிற் கணிதம் பயின்றவர் அவர். பின்னாளில் வவுனியாவின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் விளங்கிய இவரை இன்று பலர் அரசியல்வாதியாக மட்டுமே அறிவர். 1936இல் தனிச் சிங்கள அமைச்சர் சபை அமைவதற்கு வேண்டிய நிர்வாகக் குழுக் கணக்கை வகுத்துக் கொடுத்தவர் இவரே என்று அக்கால அரசியலை எழுதியோர் கூறுவர். கணிதம் அரசியலுக்கு அப்பாற்பட்ட தூய அறிவு என நம்புவோர் இச்செய்தியைச் சற்று நின்று சிந்தித்தல் நன்று.

இரண்டாமவர் கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர். 1918இல் பிறந்த இவர் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ற் கல்லூரியில் ஆய்வு செய்து, டிராக்கின் இலத்திரன் கொள்கையைத் தொடர்ந்து 1943இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார். கதிர்வீச்சின் எதிர்த்தாக்கத்தையும் கணக்கிற்கொண்ட டிராக்கின் சமன்பாட்டின்படி, புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் இயங்கும் இலத்திரன் அதனை ஒருபோதும் சென்றடையாது என்பதே அது. இன்றும் அது எலியேசர் தேற்றம் எனப்படுகிறது. 1949இல், முப்பத்தொரு வயதளவில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் 1968இல் அவுஸ்திரேலியாவின் லா துரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்ற அவர் 2001இல் மறைந்தார். இத்தகைய அறிஞரின் பணிக்காலத்தில் பெரும்பகுதி பிற நாடுகளுக்கே பயன்பட்டது என்பது நமது உயர்கல்வி வரலாற்றின் ஓர் இழப்பாகும்.

2. பயிற்சியும் திருப்பமும்

எலியேசர் நாட்டை நீங்கி ஈராண்டின் பின், 1961இல், சமரநாயக்க கணிதத்தில் முதல் வகுப்புச் சிறப்புப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே கொழும்பிற் கற்பிக்கத் தொடங்கிய அவர், உயர் ஆய்வுக்காக இலண்டனுக்குச் சென்று 1966இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாய்வுக் காலத்தில், 1965இல், வூல்கொக் என்பாருடன் இணைந்து பையன்–நியூக்கிளியன் சிதறல் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டார்.

இவ்விடயத்தை ஈண்டு குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. எலியேசர் தம் தேற்றத்தை நிறுவியதற்குத் தாளும் எழுதுகோலும் போதுமாயிருந்தன. சிதறல் பற்றிய ஆய்வோ வேறு வகையானது. பரிசோதனைகளிற் பெறப்பட்ட எண்ணற்ற அளவீடுகளை ஒழுங்குபடுத்தி, தொகையீடுகளை எண்முறையால் மதிப்பிட்டு, பெறப்படும் மாறிலிகளின் வழுவையும் கணித்தல் வேண்டும். அத்தகைய வேலை 1960களில் கணிப்பொறியின் துணையை நாடி நின்றது. ஆகவே, பிரயோக கணிதத்தில் தோன்றிய ஒரு தேவையே கணிதவியலாளரைக் கணினியின்பால் இட்டுச் சென்றது எனல் பொருந்தும். கணினி விஞ்ஞானம் வானத்திலிருந்து இறங்கிய புதுத் துறையன்று. கணக்கிடும் உழைப்பு மனித வலுவை விஞ்சிய இடத்தில் கணிதத்தின் வயிற்றிலிருந்தே அது பிறந்தது. இங்கிலாந்தில் டூரிங்கும் அமெரிக்காவில் வொன் நியூமனும் கணிதவியலாளராகவே இத்துறைக்கு வந்தனர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

நாடு திரும்பிய சமரநாயக்க, கொழும்பில் விஞ்ஞான பீடாதிபதியாகவும் விளங்கினார். அதே காலப்பகுதியிற் பல்கலைக்கழக அமைப்பே பன்முறை மாறியது. 1972இல் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக ஆக்கப்பட்டன. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் மீண்டும் தனிப் பல்கலைக்கழகங்களாயின. களனியும் அம்மாற்றங்களுக்கு உட்பட்டதே. 1875இல் தோன்றிய வித்தியாலங்காரப் பிரிவெனா 1959இல் பல்கலைக்கழகமாகி, வளாகமாகி, பின்னர் களனிப் பல்கலைக்கழகமாயிற்று. இங்கே தமிழ்த்துறையில் பணியாற்றிய கலாநிதி க. கைலாசபதியே 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராகச் சென்றார். நிறுவனங்களைக் கட்டியெழுப்புதலும் ஒரு புலமைச் செயலே என்பதற்கு அவரும் ஓர் எடுத்துக்காட்டு.

3. நிறுவனங்களின் உருவாக்கம்

சமரநாயக்கவின் பணி தனிநூல்களிலன்றி நிறுவனங்களிலேயே பெரிதும் தங்கியுள்ளது. 1984இல் அரசு அமைத்த கணினி, தகவல் தொழினுட்பச் சபையின் தலைவராக அவர் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். 1987இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யப்பானிய உதவியுடன் கணினித் தொழினுட்ப நிறுவகம் தோன்றியது. அதன் தாபகப் பணிப்பாளர் அவரே. 2002இல் இந்நிறுவகமும் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையும் ஒன்றிணைந்து, ரீட் மாவத்தையில் இன்று இயங்கும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியாயின. 1961 முதல் நாற்பத்து மூன்று ஆண்டுகள் அப்பல்கலைக்கழகத்திற் பணியாற்றிக் கணினி விஞ்ஞானத் தகைசார் பேராசிரியரான அவர், மறையும்போது தகவல், தொடர்பாடல் தொழினுட்ப முகவரகத்தின் தலைவராயிருந்தார். வித்யாஜோதி என்னும் தேசிய விருது அவருக்கு வழங்கப்பட்டிருந்தது.

இது தனியொருவரின் சாதனை மட்டுமன்று. மொறட்டுவையில் 1985இல் கணினிக்கெனத் தனித்துறை ஏற்பட்டது. இலங்கைக் கணினிச் சங்கம் 1976 முதலே இயங்கிவந்தது. எனினும், கணிதத்துறையின் ஓரத்தில் இருந்த கணிப்பு வேலையைத் தனி நிறுவகமாக்கி, அதனை அரச கொள்கையோடும் பொதுமக்கள் தேவையோடும் இணைத்ததில் அவருக்குரிய பங்கு தனியானது.

4. அனுமதியின் கணக்கு

நிறுவகம் எழுந்தது, அதனுள் நுழைபவர் எவர்? இவ்வினாவுக்கு விடை தேடும்போது கணிதமே மீண்டும் அரசியலாகி நம்முன் நிற்கிறது.

1971இல் மருத்துவ பீட அனுமதிக்கு 400 புள்ளிகளில் தமிழ் மாணவர் 250 பெறவேண்டியிருக்க, சிங்கள மாணவருக்கு 229 போதுமாயிற்று. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. இவற்றின் விளைவுகளை நமது தலைமுறை நன்கறியும். ஆயினும் தரப்படுத்தல் என்னும் புள்ளிவிபரவியற் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பது பலருக்குத் தெளிவில்லை.

அக்கருவி எளியது. ஒரு மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வரும் வித்தியாசத்தை நியம விலகலால் வகுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். கணிதத்திற் சராசரி 40, நியம விலகல் 15 எனின், 70 பெற்றவனின் தரப்புள்ளி 2 ஆகும். வேறொரு பாடத்திற் சராசரி 55, நியம விலகல் 10 எனின், அதே 70 பெற்றவனின் தரப்புள்ளி 1.5 மட்டுமே. கடினமான பாடத்தை எடுத்தவன் தண்டிக்கப்படாமற் காக்க இம்முறை உதவுகிறது.

ஆனால் கருவிக்குள் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. ஒப்பிடப்படும் இரு கூட்டங்களும் ஆற்றலிற் சமமானவை, புள்ளியில் தோன்றும் வேறுபாடு வினாத்தாளிலிருந்தோ திருத்துநரிடமிருந்தோ வந்தது என்பதே அது. பாடங்களுக்கிடையே இதனை ஓரளவு ஏற்கலாம். மொழிகளுக்கிடையே இதனைப் புகுத்தினால், எக்கூட்டம் கூடிய சராசரி பெறினும் அது தானாகவே பூச்சியத்துக்கு இறக்கப்படும். 1973இல் நிகழ்ந்தது இதுவே. சூத்திரம் பிழையன்று, சூத்திரத்துக்கு ஊட்டப்பட்ட எடுகோளே அரசியலாயிருந்தது.

2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இஸட் புள்ளி முறை வந்தது. பேராதனைப் பேராசிரியர் தட்டில் முன்மொழிந்த இம்முறை மொழியைக் கருதாது பாடத்தையே அலகாகக் கொண்டது. இதுவும் இடரற்றதன்று. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றிய இரு கூட்டத்தினரை ஒன்றாக்கிக் கணித்தமையால் எழுந்த வழக்கில், 2012இல் உயர்நீதிமன்றம் அப்புள்ளிகளை இரத்துச் செய்தது. எக்கூட்டத்தை எக்கூட்டத்துடன் சேர்ப்பது என்ற வினா எண்களால் மட்டும் தீர்வதில்லை என்பதை அது மீண்டும் உணர்த்தியது. அனுமதியில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் எஞ்சியது பெரும்பாலும் மாவட்ட அடிப்படையிலும் பங்கிடப்படும் நிலை பின்னரும் தொடர்ந்தது.

கணிதத்திற் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளியால் வெளியே நிறுத்தப்பட்ட மாணவன் எங்கே செல்வான்? பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக்கிடந்த 1980களின் இறுதியாண்டுகளில் இவ்வினா நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. வசதியுள்ளோர் கடல் கடந்தனர். ஏனையோர் பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் பரீட்சைகள் போன்ற வெளிநாட்டுத் தகைமைகளை நாடினர். பரீட்சைக் கட்டணம் பிறநாட்டு நாணயத்தில். வினாத்தாள் மீண்டும் கடலுக்கு அப்பாலிருந்து. 1921இன் ஏற்பாடு வேறுருவில் திரும்பி வந்தது எனலாம்.

5. வெளிவாரிப் பட்டம்: ஒரு திருப்புமுனை

இப்பின்னணியில் நோக்கும்போதே 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தின் முக்கியத்துவம் புலப்படும். உயர்தரத்திற் சித்தியடைந்த எவரும் வெட்டுப்புள்ளித் தடையின்றிப் பதிவு செய்யலாம். பாடத்திட்டத்தை வகுப்பதும் பரீட்சை நடத்துவதும் பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. கற்பிக்கும் பொறுப்பு அதற்கில்லை. மாணவன் தானாகக் கற்கலாம், தனியார் நிறுவனத்திற் சேர்ந்தும் கற்கலாம். கணிதம் இப்பாடத்திட்டத்தில் இடம்பெறுகிறது. பின்னர், மூன்றாண்டையும் முடிக்க இயலாதவர் வெறுங்கையுடன் திரும்பாதவாறு, முதலாண்டின் முடிவில் தகவல் தொழினுட்ப தகைமைச் சான்றும், இரண்டாமாண்டின் முடிவில் அதன் உயர்நிலைச் சான்றும் பெற்று விலகும் வழியும் அமைக்கப்பட்டது.

இலண்டன் பல்கலைக்கழகம் கொழும்புக்கு எவ்வாறு இருந்ததோ, அவ்வாறு கொழும்புப் பல்கலைக்கழகம் தன் நாட்டின் ஏனைய ஊர்களுக்கு ஆயிற்று. ஓர் அடிப்படை வேறுபாடும் உண்டு. தகைமையின் ஊற்று இப்போது உள்நாட்டிலேயே, பொதுமக்கள் வரிப்பணத்தால் இயங்கும் நிறுவனத்தில் உள்ளது. அதன் பாடத்திட்டத்தைக் கேள்விக்குட்படுத்தும் உரிமையும் நமக்கு உண்டு. இதனையே சமரநாயக்க தலைமுறையின் மிகப் பெரிய கல்விச் சாதனையாக நாம் கருதுகிறோம்.

எனினும் இவ்வேற்பாட்டின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. கற்பித்தலைப் பல்கலைக்கழகம் கைவிட்ட இடத்தைச் சந்தை நிரப்பியது. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பெருகிய வெள்ளவத்தையிலும், நெடுங்காலத் தமிழ்க் குடியிருப்பான கொட்டாஞ்சேனையிலும் தமிழ் மாணவர் தனியார் வகுப்புகளை நாடினர். மாதக் கட்டணம் செலுத்த வல்லவனுக்கு வெளிவாரிப் பட்டம் திறந்த வாயில். அது இயலாத தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும், பரீட்சை நிலையத்துக்கு வருவதற்கே பஸ் கட்டணம் தேடவேண்டிய வன்னிக் கிராமத்து இளைஞனுக்கும் அது திறந்தும் திறவாத வாயிலே. பரீட்சையில் சமவாய்ப்பு இருப்பது கற்றலில் சமவாய்ப்பு இருப்பதாகாது.

6. மொழி என்னும் இரண்டாவது வாயில்

தமிழ் மாணவருக்குப் பணத்தோடு மொழியும் ஒரு தடையாகும். உயர்தரம் வரை அவர்கள் தமிழிற் கணிதம் கற்கின்றனர். அம்மொழி வறியதன்று. சுயமொழிக் கல்விக்கெனக் கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தோர் சார்பு, வகையீடு, தொகையீடு, நிகழ்தகவு முதலிய சொற்களை நமக்குத் தந்தனர். தமிழ்நாட்டார் திசையன் என்பதை நாம் காவி என்போம். அவர்தம் அணியை நாம் தாயம் என்போம். இவ்வேறுபாடு இடர் தருவதெனினும், இரு நாடுகளிலும் உயர் கணிதத்தைத் தமிழிற் கற்பித்தனர் என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் பட்டப் பரீட்சை ஆங்கிலத்தில். தாயத்தின் நேர்மாறைத் தயக்கமின்றிக் காணும் மாணவி, அதே கணக்கை ஆங்கிலத்தில் விவரிக்கும்படி கேட்கப்படும்போது தடுமாறுகிறாள். பரீட்சகரின் கையிற் கிடைக்கும் விடைத்தாள் அவளது ஆங்கிலத்தை அளக்கிறதா, கணிதத்தை அளக்கிறதா? வெட்டுப்புள்ளிக் கணக்கிற் கண்ட அதே மறைந்த எடுகோளை இங்கும் காண்கிறோம்: தோற்றுவோர் யாவரும் மொழியிற் சமமானவர் என்பது.

இதற்கு மறுபுறமும் உண்டு. இத்துறையின் நூல்களும் வேலைவாய்ப்புகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தாய்மொழியில் மட்டும் தகைமை வழங்குவது மாணவனைக் குறுகிய வட்டத்திற் சிறைப்படுத்தும் என்பர். 1960களிற் கலைப்பீடங்களிற் சுயமொழிக் கல்வி புகுந்தபின் ஏற்பட்ட வேலையின்மையைச் சான்றுகாட்டுவர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அது ஆங்கிலத்தைக் கற்பிக்க வேண்டும் என்பதற்கே நியாயமாகும். ஆங்கிலமறியாதாரை வெளியே நிறுத்துவதற்கு நியாயமாகாது. முதலாண்டு வழிகாட்டி நூல்களைத் தமிழிலும் சிங்களத்திலும் தந்து, ஆங்கிலத்தைப் படிப்படியாகப் புகுத்துவதில் அறிவியல் தடை எதுவும் இல்லை.

கணினியே தமிழை எழுத வல்லதாயிற்று என்பதும் இங்குக் கருதத்தக்கது. 1991இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இலங்கையிற் சிங்களக் குறியீட்டு நியமத்தைத் தொடர்ந்து, தமிழுக்கான 1326ஆம் இலக்க நியமம் 2008இல் வெளியானது. கொழும்புக் கணினிக் கல்லூரியின் மொழித் தொழினுட்ப ஆய்வுகூடம் சிங்களத்தோடு தமிழுக்கும் கருவிகள் ஆக்க முயன்றது. பாடசாலை உயர்தரத்தில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பம் தமிழிலும் கற்பிக்கப்படும் பாடமாயிற்று. செய்நிரல், தரவுத்தளம் ஆகிய சொற்கள் இன்று மாணவர் நாவிற் பழகியவை. கணனி என்று எழுதுவதா கணினி என்று எழுதுவதா என நாம் நெடுங்காலம் வாதிட்டோம். அப்பொருளைத் தமிழிற் கற்பிப்பது எவ்வாறு என்பதில் அவ்வளவு ஊக்கம் காட்டினோமா என்பது நம்மை நாமே கேட்கவேண்டிய வினா.

முடிவுரை

சுந்தரலிங்கம், எலியேசர், சமரநாயக்க ஆகிய மூவரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பயின்று கொழும்பிற் கணிதம் கற்பித்தவர். தனிப்பட்ட தகைமையில் இவர்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்துவது பயனற்றது. முதலாமவர் துறைக்கு அடித்தளமிட்டார். இரண்டாமவர் அத்துறையை உலக ஆய்வோடு இணைத்தார். மூன்றாமவர் தாம் பெற்ற தகைமையைப் பிறர் பெறுதற்குரிய வழியொன்றைப் பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே அமைத்தார். ஒரு கல்வியாளரை அளப்பதற்கு இம்மூன்றாவது அளவுகோல் இன்றியமையாதது என்பதே நமது முடிபு.

அவ்வழி இன்னும் முற்றுப்பெறவில்லை. களனி, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களின் கணித, கணினித் துறைகளிற் பணியாற்றும் தமிழ் விரிவுரையாளர் வெளிவாரி மாணவருக்கென முதலாண்டுப் பாடங்களைத் தமிழில் எழுதி இலவசமாக வழங்க முன்வருதல் வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் விழாக்களுக்கு ஒதுக்கும் உழைப்பில் ஒரு பகுதியைக் கலைச்சொல் ஒருமைப்பாட்டுக்கும் வார இறுதி வகுப்புகளுக்கும் ஒதுக்குதல் வேண்டும். பரீட்சை நிலையங்களை மாவட்டந்தோறும் கோருதல் நமது உரிமை. வாயிலைத் திறந்தவர் தம் பங்கைச் செய்து மறைந்தார். வாயில் வரை செல்லும் பாதையை அமைப்பது, அதன் வழியே ஏற்கனவே உள்ளே வந்துவிட்ட நம்மைச் சார்ந்தது.